சரக்கேறிய பின் எடுத்த அளவு

மலாக்காப் பக்கத்து ரெம்பியாவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் நிர்மலாதேவி ஒருமுறை மண்டபத்தின் பின்புறம் போய்வருவாள். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பேரிங் மூடியின் மேல் மூன்று விரல்களை வைத்து, பத்து எண்ணும் வரை நின்றுவிட்டு வந்து இலைமுன் அமர்வாள்.

“என்ன, காய்ச்சல் இருக்கா?” என்று கணவன் சேகரன் கேட்பான்.

“காய்ச்சல் இல்ல. ஆனா முனகுது.”

“பொண்ணுக்கு அப்பாவும் முனகிக்கிட்டுத்தான் இருக்காரு. போய்த் தொட்டுப் பாரு.”

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இருபத்திரண்டாம் வயதில் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பண்டகசாலைப் பணியாளாகச் சேர்ந்தாள். பேரிங் கேட்டு வருகிறவர்களிடம், பழைய பேரிங் ஏன் கெட்டது என்று விசாரிக்காமல் புதியதைக் கொடுக்க மாட்டாள். இரண்டே ஆண்டுகளில் தொல்லை தாங்காமல் அவளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் அவள் செய்த வேலை ஒன்றுதான். பம்பையும் அதைச் சுழற்றும் இயந்திரத்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது அவள் பொறுப்பு.

கேட்பதற்கு எளிய வேலை. பம்பு தானாகச் சுழலாது. நீராவிச் சுழலியோ மின்மோட்டாரோ டீசல் எஞ்சினோ அதைச் சுழற்ற வேண்டும். இரண்டின் தண்டுகளும் சந்திக்கும் இடமான கப்ளிங்கில் மயிரிழை விலகினாலும் தண்டு உதறும், பேரிங் சூடேறும், ஒருநாள் எல்லாம் இறுகி நின்றுவிடும். அதை அளக்கும் டயல் கேஜின் முள் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகல். ஐந்து கோடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஆலையின் விதி. நிர்மலாதேவி இரண்டு கோட்டுக்கு மேல் விட்டதில்லை.

ஆலையை விட்டு வந்து தனியாகத் தொழில் செய்யத் தொடங்கிய பிறகு, மலாக்கா நகரில் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்த கைருதீன் அவளுக்கு வேலைகளைப் பிடித்துக் கொடுத்தார். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை அவள் முதன்முறையாக ஒரு கப்பலில் ஏறினாள். லிங்கி ஆற்றங்கரையில் ஒரு சிறிய பட்டறை அந்தப் பழைய சரக்குக் கப்பலைக் கரையேற்றி, மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, அடிப்பாகத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தது. கப்பலின் அடியில் கசிந்து சேரும் நீரை வெளியே தள்ளவும், தீப்பிடித்தால் குழாய்க்கு நீர் கொடுக்கவும் அதில் ஒரே பம்புதான் இருந்தது. அதைச் சுழற்றும் டீசல் எஞ்சின் ஓர் அறையில். பம்பு அடுத்த அறையில். நடுவே இரும்புத் தடுப்புச் சுவர். சுவரைத் துளைத்துக்கொண்டு நீண்ட தண்டு ஒன்று இரண்டையும் இணைத்தது. அவள் ஒருநாள் முழுவதும் குனிந்து கிடந்து, இரண்டு கோட்டுக்குள் கொண்டுவந்து, அறிக்கையில் கையெழுத்திட்டாள்.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, அவள் வாசலில் நின்று, சேகரன் தன் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளையும் ஏறியதும் சேகரன் பக்கவாட்டுக் கதவை இழுத்தான். அது பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்துத் தள்ளி மூடினான்.

“நேத்துத்தானே எண்ணெய் போட்டீங்க?” என்றாள் அவள்.

“எண்ணெய் என்ன செய்யும்? வண்டி காலியா இருந்தா ஒரு விரலால மூடலாம். இதுங்க எல்லாம் ஏறுனா பாடி கொஞ்சம் வளையும் லா. கதவுக்குக் கோவம் வந்துரும்.”

வேன் தெருமுனையைத் தாண்டிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

ஆலையில் ஒவ்வொரு பம்பும் கான்கிரீட் மேடையில் நிற்கும். அந்த மேடை ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். இருபத்து நான்கு ஆண்டுகளில் தரை அசையும் என்று அவள் நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. கப்பலுக்கு ஏது தரை? கட்டைகளின் மேல் நின்றபோது அதற்கு ஓர் உருவம். நீரில் மிதக்கும்போது வேறு. வயிறு நிறையச் சரக்கேற்றினால் இரும்பு உடம்பு இன்னும் வளையும். எஞ்சின் ஒரு பக்கம், பம்பு மறுபக்கம், நடுவே வளையாத தண்டு. அவள் கொண்டுவந்த இரண்டு கோடு, கப்பல் கரையில் நின்ற அந்த ஒருநாளுக்கு மட்டுமே உண்மை.

கைருதீனை அழைத்தாள்.

“பாய், கப்பல் தண்ணியில எறங்கிருச்சா?”

“முந்தாநாளே எறங்கிருச்சுக்கா. சிமெண்டு மூட்டை ஏத்திட்டாங்க. இன்னைக்குப் பதினொன்றரைக்கு ஆத்துல தண்ணி ஏறுதாம், கிளம்பிடுவாங்க. சுமத்ரா போகுது.”

“பம்ப ஓட்டிப் பாத்தாங்களா?”

“ஓட்டுனாங்களே. நல்லா ஓடுச்சாம்.”

“எவ்வளவு நேரம்?”

“அஞ்சு நிமிஷம் இருக்கும். ஏன்க்கா?”

ஐந்து நிமிடத்தில் பேரிங் சூடாவதற்குக்கூட நேரம் போதாது. அது எரிவதற்கு ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகும். அந்நேரம் கப்பல் மலாக்கா நீரிணையின் நடுவில் இருக்கும். கப்பலில் ஏழு பேர். நிர்மலாதேவி விஷயத்தைச் சொன்னாள்.

“அக்கா, நாம எழுதிக் கொடுத்தாச்சு. இப்பப் போய் நாமளே தப்புன்னு சொன்னா, பட்டறைக்காரன் இனி நம்மளக் கூப்பிடுவானா?”

“கூப்பிட மாட்டான். நீங்க கேப்டனுக்குப் போன் போட்டு, நான் வாற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க பாய்.”

“கேப்டன் போன எடுக்க மாட்டேங்கிறாரு. எஞ்சினியர் ரிதுவான் நம்பர் அனுப்புறேன். அதுவும் அடிச்சாத்தான் தெரியும்.”

அதுவும் அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

சேகரன் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணி எட்டு. அவள் கருவிப் பெட்டியோடு வாசலில் நின்றாள். வேன் மஸ்ஜித் தானா ஊரை நோக்கி ஓடத் தொடங்கியதும் அவன் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான்.

“பன்னெண்டே முக்காலுக்கு நான் ஸ்கூல் வாசல்ல நிக்கணும். தெரியும்ல?”

“தெரியும்.”

“கப்பல் கிளம்பிருந்தா என்ன செய்வ? நீந்துவியா?”

முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. சேகரன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, ஆளில்லாத வளைவொன்றில் லாரியை முந்தினான்.

பட்டறையில் கப்பல் இல்லை. கட்டைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. காவலாளி ஆற்றின் கீழ்ப்பக்கம் கைகாட்டினான்: சரக்கேற்றும் துறைக்குப் போய்விட்டதாம். பாதை தவறி, ஒரு மலாய்க் கிராமத்துக்குள் நுழைந்து, திரும்பி, துறையை அடைந்தபோது ஒன்பதே முக்கால். கப்பல் அங்கேதான் நின்றது. நான்கு நாள் முன்பு அவள் தலைக்கு மேல் ஓங்கி நின்ற அதன் விளிம்பு, இப்போது அவள் மார்புயரத்தில் இருந்தது. அவ்வளவு ஆழமாக நீருக்குள் அழுந்தியிருந்தது.

எஞ்சினியர் ரிதுவான் மேல்தளத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மலாக்கா நகரத்துத் தமிழ் முஸ்லிம் பையன், முப்பது வயதிருக்கும்.

“அக்கா! எதையாச்சும் மறந்து வெச்சிட்டீங்களா?”

“தம்பி, போன எடுக்க மாட்டியா? அந்தக் கப்ளிங்கைத் திரும்ப அளக்கணும்.”

“பேப்பர் குடுத்தீங்களே. பேப்பர் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் நல்லா இல்ல. மூஞ்சியே வெளுத்திருக்கு.”

“கரையில வெச்சு அளந்தது. இப்ப கப்பல் லோடுல இருக்கு. நான் யோசிக்கல. என் தப்பு.”

அவன் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். பிறகு கேப்டனிடம் போனான். வெள்ளைத் தொப்பி வைத்த முதிய மலாய்க்காரரான கேப்டன், கடிகாரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பதினொன்றரைக்குக் கயிற்றை அவிழ்ப்பேன், ஒரு நிமிடமும் தாமதிக்க மாட்டேன் என்று மலாயில் சொன்னார். இந்த நீர்மட்டத்தைத் தவறவிட்டால், பாரமேறிய கப்பல் ஆற்றுவாயின் மணல்மேட்டைத் தாண்டாது.

கீழே இயந்திர அறையில் காற்றே இல்லை. அவள் டயல் கேஜைத் தண்டில் பொருத்தி, முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தினாள். ரிதுவான் தண்டை மெல்லக் கையால் திருப்பினான். முள் நகர்ந்தது. ஐந்தைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது. முப்பத்தெட்டில் நின்றது.

“யா அல்லா,” என்றான் ரிதுவான்.

அவள் பயந்தது மெய்யாகிவிட்டது. மெய்யானதும் பயம் ஒரு கணக்காக மாறியது. எஞ்சினின் நான்கு கால்களில் முன்னிரண்டை உயர்த்த வேண்டும். இரும்பு நட்டுகளைத் தளர்த்தி, நெம்புகோலால் தூக்கி, மெல்லிய தகடுகளை அடியில் செருகி, இறுக்கி, மறுபடி அளந்தாள். இருபத்தொன்று. மறுபடி தளர்த்தினாள். பதினொன்று. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தகட்டுப் பெட்டியில் அவளுக்கு வேண்டிய தடிமனில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ரிதுவான் ஒரு பால் டின்னை எடுத்துவந்து வெட்டிக் கொடுத்தான். அவள் அதன் தடிமனை அளந்தாள், பொருந்தியது. நான்கு. இன்னொரு முறை. மூன்று.

மணி பதினொன்று பத்து.

“போதும்க்கா. நீங்க சொன்ன ஆலை விதிக்குள்ள வந்தாச்சே.”

“எஞ்சின ஸ்டார்ட் பண்ணு. அரைமணி ஓடணும்.”

“அரைமணியா? இருபது நிமிஷத்துல கயிறு அவுத்துருவாரு!”

எஞ்சின் உறுமியது. அவள் தடுப்புச் சுவருக்கு அப்பால் போய், பம்பின் பேரிங் மேல் மூன்று விரல்களை வைத்து வைத்து எடுத்தபடி, மற்றொரு கையில் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். முப்பத்தாறு. நாற்பத்தொன்று. நாற்பத்தேழு. ஏறுவது இயல்புதான். எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. எண்பதைத் தொட்டால் முடிந்தது. ஐம்பத்திரண்டு. சீக்கிரம், அக்கா என்று அவசரப்படுத்தும் கேப்டனின் மலாய்க் குரல் மேலிருந்து இறங்கியது: “செப்பாட் லா, காக்! செப்பாட்!”

அவள் எழவில்லை. ஐம்பத்தாறு.

ரிதுவான் மேலே ஓடிப்போய்த் திரும்பி வந்தான். “இப்ப எறங்குங்க, இல்லாட்டி கூட வாங்கங்கிறாரு. ஆத்துவாய்ல மீன்காரர் போட் ஒண்ணு இருக்காம். அதுல எறக்கி விடுறாராம்.”

“சரி, கூடவே வாறேன்.”

கப்பல் ஒருமுறை குலுங்கியது. கரையில் சேகரன் கத்துவது தலைக்கு மேலிருந்த வட்டச் சன்னல் வழியே கேட்டது. “தேவி! ஏய், எங்க போற? தேவி!” அவள் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி அசைத்தாள். ரிதுவான் மேல்தளத்திலிருந்து, “அண்ணே, ஒண்ணுமில்லண்ணே! ஆத்துவாய்ல எறக்கி விட்டுர்றோம்! நீங்க பிள்ளைங்களப் பாருங்க!” என்று குரல் கொடுத்தான்.

ஐம்பத்தொன்பது. கப்பல் ஆற்றில் திரும்பியபோது உடம்பு மறுபடி வளைந்திருக்கும் என்று நினைத்தாள், விரல்களை ஒருகணம் அழுத்தி எடுத்தாள். அறுபத்தொன்று. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் கழித்து அறுபத்தொன்று. இன்னும் பத்து நிமிடம் கழித்து அறுபத்தொன்று. தண்டு உதறவில்லை, முனகவுமில்லை.

படகு பக்கவாட்டில் வந்து மோதிய ஒலி கேட்டது. அவள் அறிக்கையைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்துக்குக் கீழே மலாயில் எழுதினாள்: முன்னைய அளவு கப்பல் கரையில் இருந்தபோது எடுக்கப்பட்டது, அது தவறு, இன்றைய அளவு முழுச் சரக்குடன், மூன்று கோடு, சரக்கிறக்கிய பின் மீண்டும் அளக்க வேண்டும்.

“தவறுன்னு எழுதணுமாக்கா? பட்டறைக்காரன் பாத்தா உங்க பேரு கெட்டுரும்.”

“காலியா திரும்பி வரும்போது எவனாச்சும் இதைப் படிச்சிட்டு, சரியாத்தான் இருக்குன்னு விட்டுருவான். அப்ப நீதானே கீழ இருப்ப?”

ரிதுவான் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “மணல்மேட்டைத் தாண்டுற வரைக்கும் பம்ப நிறுத்த மாட்டேன். போதுமா?”

“கடல்ல போய் ஒரு மணிநேரம் ஓட்டு. தொட்டுப் பாத்துக்கிட்டே இரு.”

அவள் பெட்டியோடு படகில் இறங்கினாள். படகுக்காரர் எஞ்சினை முடுக்கிக் கரைப்பக்கம் திருப்பினார். அவள் பின்னோக்கியே உட்கார்ந்திருந்தாள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு துவாரத்திலிருந்து, பம்பு தள்ளும் நீர் வில்லாக வளைந்து விழுந்துகொண்டிருந்தது. அது ஒருமுறை மெலிந்தது. அவள் பாதி எழுந்துவிட்டாள். படகு ஆடியது. நீர் மறுபடி தடித்தது.

கைப்பேசி அடித்தது. அதில் கைருதீனின் தவறிய அழைப்புகள் நான்கு இருந்தன. இப்போது அழைத்தது சேகரன்.

“ஸ்கூல் வாசல்ல நிக்கிறேன். எங்க இருக்க நீ? எறங்கிட்டியா இல்லையா?”

“எறங்கிட்டேன்.”

“பம்பு?”

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கப்பல் மணல்மேட்டைக் கடந்துகொண்டிருந்தது.

“தண்ணி விழுதுங்க,” என்றாள். “இன்னும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு.”