அத்தானின் சின்ன மஸ்டாங்

அமெரிக்காவில் நான் முதலில் தொட்ட பொருள் ஒரு காரின் கதவுப்பிடி. எண்பதுகளின் தொடக்கம், ஜனவரி மாதம். விமான நிலையத்துக்கு வெளியே, பனியைக் கூட்டிக் குவித்திருந்த ஓரத்தில், அக்காவின் கணவரான என் அத்தான் ஒரு சின்ன வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். துருவுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட நிறம். பிடி சில்லென்று விரலில் ஒட்டியது. “மெதுவா, மாப்ளே. மஸ்டாங்காக்கும்” என்றார். ஊரில் பத்திரிகைப் படத்தில் நான் பார்த்திருந்த, காட்டுக்குதிரையின் பெயர் வைத்த மஸ்டாங் கார் நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக இருக்கும். இது அதன் ஒன்றுவிட்ட தம்பியைப் போல, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது. என் இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் பின்னால் நுழைந்தது. இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு, நியூ ஜெர்சியை அதன் விளிம்புக்கு மேலாகப் பார்த்தபடியே அவர்கள் வீடு இருந்த எடிசன் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வண்டியின் வரலாறு இதுதான். அறுபதுகளில் வந்த முதல் மஸ்டாங்கை அமெரிக்கா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. வருஷாவருஷம் அது பெருத்துக்கொண்டே போனது. எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், மலிவான சின்னக் கார் ஒன்றின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் தலைமுறையைச் செய்தார்கள். வந்த வருஷம் நன்றாகவே விற்றது. பெட்ரோல் மறுபடி தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும், வாங்கியவர்களே வாங்கியதை மறைக்கத் தொடங்கினார்கள். வேகம் கிடையாது, மேடு ஏறினால் இரைக்கும், பின்சீட்டில் கால் வைக்க இடமில்லை. இந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாமே உண்மைதான். அத்தானும் மறுத்ததில்லை. வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பெட்ரோல் ஊற்றிய காலத்தில், யாரோ வைத்திருந்து விற்றதை வாங்கினார். அக்கா தன் லைப்ரரி வேலைக்கு அதை ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வெதுவெதுப்பான நீரில் துடைத்தார். அவ்வளவுதான் அவருடைய வாதம்.

எடிசனில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடுவோம். அத்தான் வந்து இறங்கினாலே ஆரம்பித்துவிடுவார்கள். “என்ன சார், குதிரை இன்னிக்கு எத்தனை தடவை படுத்துச்சு?” என்பார் ஒருவர். “அது படுக்கல, உக்காந்துதான் இருக்கும். எழுந்திரிச்சா நமக்குத்தான் ஆபத்து” என்பார் அத்தான், எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு. அவர்களை எல்லாம்விட அதிகமாகக் கேலி செய்தவன் நான்தான். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் நடைமுறை விதிகள் எழுதுவது என் வேலை. மாத்திரையை யார் எண்ண வேண்டும், எண்ணியதை யார் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்தது எங்கே கையெழுத்தாக வேண்டும் என்பதையெல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வண்டியின் குறைகளை வரிசைப்படுத்துவது கடினமா என்ன?

அந்தத் திறமையால் வீட்டில் எனக்கு ஒரு பதவியும் கிடைத்திருந்தது. அரசாங்க முத்திரை போட்ட உறை எது வந்தாலும் அக்கா பிரிக்காமலே, நான் குடியிருந்த கீழ்த்தளத்தில் என் மேசையில் வைத்துவிடுவாள். வரி, விசா, பள்ளிக்கூடம், எதுவானாலும். “அவன் பாத்துப்பான்” என்பார் அத்தான். நானும் பார்த்துக்கொண்டேன்.

எனக்குப் பெண் பார்த்த வருஷம். பெண் கோயம்புத்தூரில் இருந்தாள். அவளுடைய சித்தப்பா நியூ ஜெர்சியிலேயே பல் மருத்துவர். பையன் எப்படி, வீடு எப்படி என்று பார்த்து ஊருக்கு எழுத அவர் நேரில் வருவதாக ஏற்பாடு. நான் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். திரைச்சீலை சரி. சோபா சரி. வாசலில் அந்த வண்டி.

“அத்தான், ரெண்டு நாளைக்கு இதை வேற எங்கயாவது விட்டுடலாமா?”

“ஏன், என் குதிரை உன் கல்யாணத்தை முட்டித் தள்ளிடுமா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். இரண்டு ஊர் தள்ளி ஒரு ரயில் ஸ்டேஷன் பார்க்கிங்கில் சனிக்கிழமை காலை விட்டோம். பலகையை நான்தான் படித்தேன்: வாரக்கடைசியில் இலவசம், மற்ற நாட்களில் பெர்மிட் வேண்டும். ஆனால் பல் மருத்துவர் ஞாயிறு வர முடியாமல் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அத்தான் வண்டியை எடுத்துவரக் கிளம்பினார். “இருக்கட்டும் அத்தான், அவங்க தினமும் செக் பண்ண மாட்டாங்க” என்று தடுத்தேன். விதி எழுதுகிறவன் விதியைப் பற்றி இப்படி நினைப்பது வேடிக்கைதான்.

செவ்வாய் மாலை விருந்தாளி கிளம்பியதும் போனோம். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அத்தான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் நான் தொலைபேசியில் விசாரித்தேன். பெர்மிட் இல்லாததால் இழுத்துப் போயிருந்தார்கள். “லெட்டர் வரும், அதோடதான் போகணும். நான் பாத்துக்கறேன்” என்று சொன்னேன். சொன்னபோது அது உண்மை.

கடிதம் மூன்றாம் நாளே வந்தது. வண்டி இன்ன இடத்தில் இருக்கிறது, முப்பது நாளுக்குள் உரிமைப் பத்திரத்தோடு வந்து எடுத்துக்கொள்ளவும், தவறினால் ஏலம். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். அதே வாரம், ஊருக்கு நல்லபடியாக எழுதிவிட்டதாக சித்தப்பாவும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். என் மனைவியாகப் போகிறவள் விமானத்திலிருந்து இறங்கி அந்த வண்டியில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். கடிதத்தை மேசை இழுப்பறையில், மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். அத்தான் மாலையில் படியிறங்கி வந்து, “ஏதாச்சும் வந்துச்சா மாப்ளே?” என்று கேட்பார். “ப்ராசஸ்ல இருக்கு அத்தான்” என்பேன். முப்பது நாள் முடிந்ததும், கடிதம் தாமதமாக வந்ததாகவும் வண்டி ஏலத்துக்குப் போய்விட்டதாகவும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வண்டியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நீளமான, சாம்பல் நிற, மரியாதையான கார். அதில்தான் என் மனைவி விமான நிலையத்திலிருந்து வந்தாள்.

சித்தப்பா என்ன எழுதினார் என்று வெகுநாள் கழித்து அவளிடம் கேட்டேன். “காரா? அதெல்லாம் அவர் பாக்கவே இல்ல. ‘பையன் ரூல்ஸா பேசறான், ஆனா பல்வரிசை நல்லா இருக்கு’ன்னு எழுதியிருந்தார்” என்றாள்.

இப்போது நாங்கள் எல்லாரும் டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். அக்கா போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. அத்தான் மகள் வீட்டில். நானும் மனைவியும் மகன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமை காலையில் அத்தானைக் கூட்டிக்கொண்டு, ஒரு டோனட் கடை வாசலில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்துக்குப் போவேன். இளவேனிலில் ஒருநாள், ஒரு ஆள் தன் தாத்தா காலத்து டிரக்கின் முன்மூடியைத் தூக்கி வைத்திருந்தார். முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பை அத்தான் குனிந்து பார்த்தார். அது எந்த வண்டியினுடையது என்று கேட்டார். இரண்டாம் தலைமுறை மஸ்டாங் என்றார் அந்த ஆள். பழைய வண்டிகளுக்கு அதைப்போலப் பொருந்துவது வேறில்லையாம். ஒரிஜினல் தீர்ந்துபோய், அதே அமைப்பைப் புதிதாகச் செய்தே விற்கிறார்களாம். அந்தக் காரைத் திட்டுகிறவர்கள் அதை ஓட்டியிருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். நான் ஓட்டியிருக்கிறேன். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். சின்னதாக இருந்ததால் எந்த இடுக்கிலும் நிற்கும். கேலிகளுக்கு நடுவே நான் பதிவு செய்யாமல் விட்டவை, நாற்பது வருஷம் கழித்து நினைவுக்கு வந்தன.

அத்தான் அந்த இரும்பை உள்ளங்கையால் தடவினார். “நம்ம வண்டியோட காலும் இப்படி எவன் வண்டிலயாவது நிக்குதோ என்னமோ” என்றார். எண்பத்திரண்டு வயது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கடிதத்தை ஒளித்து வைத்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை நாள் டயம் குடுத்திருந்தான்?”

“முப்பது.”

“லெட்டர் வந்தது?”

“மூணாம் நாள்.”

“அப்ப இருபத்தேழு நாள். நானும் தெனம் எறங்கி வந்து கேட்டிருக்கேன்.”

அவரே தொடர்ந்தார். “உங்க அக்கா லைப்ரரி வேலைய ஏன் விட்டா, தெரியுமா?”

“குழந்தைக்காகன்னு...”

“அது வெளிய சொன்னது. அவ ஒயரத்துக்கு அந்த ஒரு வண்டிலதான் ரோடு தெரியும். அதுல மட்டும்தான் அவளுக்குப் பயம் இல்ல. நீ வாங்கச் சொன்ன கப்பல்ல மூணு நாள் ஒக்காந்து பாத்தா. வேண்டாங்கன்னுட்டா. அப்புறம் கடைசிவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடல.”

அதே வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நான் இருந்தேன். அக்கா காய்கறி வாங்கப் போவதற்கு அத்தான் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்ததைத் தினமும் பார்த்தேன். பல நாள் நானே அவளைக் கொண்டுபோய் விட்டு, உதவி செய்வதாக நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு தவறு நடந்தால் அதன் விளைவு எதுவரை போகிறது என்று விசாரித்து அறிக்கை எழுதுவதும் என் சம்பளத்துக்கான வேலைதான்.

வீடு வந்ததும் அத்தான் இறங்கி உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போய் நின்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா மகள் கதவைத் திறந்து, “மாமா, ஹி இஸ் ரெடி. சிக்ஸ் ஓ’க்ளாக்லேருந்தே ரெடி” என்றாள். அத்தான் ஷூவோடு வந்தார். நான் முன்கதவைத் திறந்தேன். அவர் அதைக் கடந்து போய், பின்கதவைத் தானே திறந்து, வாடகைக் காரில் ஏறுகிறவரைப் போல உட்கார்ந்துகொண்டார்.

மூன்று சனிக்கிழமைகளாக அப்படித்தான் போய்வருகிறோம். அங்கே இறங்கியதும் வண்டிகளைப் பற்றிப் பேசுவார், காபி வாங்கிவரச் சொல்வார். திரும்பும்போது மறுபடி பின்சீட். பார்வை ஜன்னலுக்கு வெளியே. முன்சீட்டை அவருக்காகப் பின்தள்ளி வைத்திருக்கிறேன். அதில் நான் வேறெதையும் வைப்பதில்லை.