குடிக்காமல் விட்ட ஆறு பாக்கெட்: நிலக்கோட்டை முதல் திண்டுக்கல் வரை

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, கரு வைத்த பதினாலாவது நாள், திண்டுக்கல் குழந்தையின்மை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். எங்களுக்குத் தேறியது ஒரே ஒரு கரு. எங்களைப் போல அலைகிறவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

நிலக்கோட்டையில் காலை 6.10 பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மல்லிகை மூட்டையும் கூடவே வரும். வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்காருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

"தங்கலைம்மா" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் ஜோசப் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இன்னொரு தாளைப் பார்த்தார். "விட்டமின் டி ஜனவரியில இருந்ததைவிடக் கொறஞ்சிருக்கே. ஞாயித்துக்கிழமை பவுடர் குடிச்சீங்களா?"

வாரம் ஒன்று என்று கொடுத்த எட்டு பாக்கெட்டில் இரண்டுதான் குடித்திருந்தேன். பாலில் கலக்கச் சொன்னார்கள். தவக்காலம் முழுக்கப் பால் தொடுவதில்லை என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று நினைப்பு. நடுவில் நர்ஸ் கேட்டபோது தலையை வேறு ஆட்டிவைத்தேன், பாவி.

"பிள்ளைக்காகத்தான் டாக்டர் வேண்டினேன்."

"தண்ணியில கலக்கிக் குடிச்சிருக்கலாமேம்மா."

"அதனாலதான் போச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது. அது கொறஞ்சா கரு தங்குறது கொறையலாம்னு சிலர் சொல்றாங்க. உறுதியாத் தெரியாது."

ஆமாம் என்றிருந்தால் என்னையே திட்டித் தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் வெளியே வந்தேன்.

வாசலில் ஆட்டோக்காரர், "அக்கா, இம்புட்டு வெயில்ல ஏன் நிக்கிறீக? செத்த நேரம் நெழல்ல நில்லுங்க" என்றார். எனக்கு அழுகை பீறிட்டது. பாவம், அவர் என்ன கண்டார்?

பஸ்ஸில் ஜோசப், "நீ தெரிஞ்சா செஞ்ச? விடு புள்ள" என்றார்.

போகிறவர்களுக்கு: வெறும் வயிறா என்று முன்னாடியே கேளுங்கள். மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும், தண்ணீர் கொண்டுபோங்கள். விரதமோ வேண்டுதலோ இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நான் மாதாவிடம் மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். நன்றாகத்தான் கரைந்தது. குடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.