தண்ணீருக்குள் எழுதும் பலகை

சங்கரசுப்பு கடலில் கால் நனைத்தது, திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது மட்டும்தான். ஆனாலும் கடலுக்கு அடியில் எழுதுகிற பலகையைச் செய்தவன் அவன்தான். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

சங்கரன்கோவிலில் தகரக் கொட்டகைக்குள் வெந்துகொண்டு நம்பர் பிளேட் எழுதியவன். 1982இல் மனைவியின் அண்ணன் காசி ஒரு உடைந்த பலகையோடு வந்தான். தூத்துக்குடியில் ஒரு கடல் ஆராய்ச்சி ஆபீஸில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கிறவர்கள் சிப்பிகளை எண்ணி அங்கேயே எழுதிவர, வெளிநாட்டிலிருந்து வந்த பலகை அது.

"இதே மாதிரி செஞ்சு தாரும் மாப்ள. அங்கன ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் எடுக்காவ. உம்ம பேரைத்தான் சொல்லுதேன்."

சர்க்கார் வேலை! சங்கரசுப்புவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டினான். பளபளப்பில் பென்சில் வழுக்கியது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தான். நேராகத் தேய்த்தால் எழுத்து கோட்டோடு இழுத்துக்கொண்டு போனது. வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று தெரிவதற்குள் நாலு தகடு வீண். பென்சில் ஊறிப் பிளந்தது. சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றினான். கிணற்றில் மூச்சடக்கி இறங்கி, 'சுந்தரம்மாள்' என்று எழுதி மேலே வந்தான்.

"வேற பேரே கிடைக்கலியாக்கும்?" என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

"ஆபீசர் கேட்டா விளக்கிச் சொல்லணும்லா" என்று காசி ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் குந்தியிருந்து தொழிலைக் கற்றுக்கொண்டான். சொந்த மச்சானிடம் ஒளிக்கிறதாவது!

எட்டு மாதம் பலகைகள் போய்க்கொண்டிருந்தன. வேலை மட்டும் வரவில்லை. "ஃபைல் மேல போயிருக்கு" என்பான் காசி. பொறுத்துப் பார்த்துவிட்டு சங்கரசுப்புவே ஒரு நாள் பஸ் ஏறினான்.

ஒர்க்‌ஷாப் வாசலில் புதுக் காக்கிச் சட்டையில் காசி நின்றான். அந்நேரம் ஆபீசர் வந்தார். "யார் இது?"

"எங்க ஊர்க்காரன் சார். ஒத்தாசைக்குப் பலகை தேய்ச்சுத் தாரவன்."

"காசிகிட்ட நல்லாக் கத்துக்கோப்பா. இந்தப் பலகைக்காகத்தான் அவரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்தோம்."

படுபாவி, தங்கச்சி மாப்பிள்ளை என்றுகூடச் சொல்லவில்லை. சங்கரசுப்பு காசியின் முகத்தைப் பார்த்தான். காசி தரையைப் பார்த்தான். 'செய்தது நான்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவன் வேலை போகும், வீட்டில் சுந்தரம்மாளுக்கு அண்ணன் இல்லாமல் போவான். திரும்பி வந்துவிட்டான்.

சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "எங்க அண்ணன் உங்களுக்காகப் பேசிச்சா?"

"பேசுனாரு. நமக்குத்தான் குடுத்துவைக்கல."

"பாவம், அண்ணன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்" என்று சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.