அறுபத்தைந்து கிலோவுக்குள்

உத்திரமேரூர் அரிசி ஆலையில், நெல் மூட்டை நிறுக்கும் எடைமேடையில், மற்றவர்கள் சாப்பிடப் போனபின் ஏசுதாஸ் ஏறி நிற்பான். சிவப்பு எண்கள் ஆடி அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வான். மூச்சுக்கு எடை கிடையாது என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அடக்குவான்.

அந்த ஆலையில் மூட்டை தூக்குகிறவன் அவன். வயது முப்பத்தாறு. அம்மா போனபின் வீட்டில் கழுவுவதற்கு ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான். தங்கை ஏஞ்சல் கிறிஸ்துமஸுக்கு வருவாள். வர முடியாவிட்டால் போன் செய்வாள். மற்றபடி வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவன் ஆடும் கபடிக் குழுப் பையன்கள் மட்டுமே. ஞாயிறு காலையில் ஆட்டோவை நிறுத்தி ஆரன் அடிப்பார்கள். அந்தச் சத்தம் இல்லாத ஞாயிறு எப்படி இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதே சரி.

சுற்றுவட்டாரப் போட்டிகளில் எடைப் பிரிவு உண்டு. இவர்களுடையது அறுபத்தைந்து கிலோ. வயது எங்கிருந்தோ இரண்டு கிலோவைக் கொண்டுவந்து அவன் உடம்பில் வைத்துவிட்டது. அதனால் போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்கமாட்டான். யூரியா மூட்டையின் உள்ளே இருக்கும் பாலித்தீன் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, சட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடுவான். பையன்களில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

திருமுக்கூடல் போட்டியில் எடை சரியாக வந்தது. இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆடப் போனான். மூன்றாவது தடவை பாடிப் போனபோது வலது கெண்டைக்கால் சதை உருண்டு மேலே ஏறியது. எதிரணியின் எல்லைக்குள்ளேயே விழுந்தான். ஒருவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான்.

"கோட்ட தொடுணா! கைய நீட்டு!" என்று நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்து கத்தினான் தலைவன் வினோத்குமார்.

கணுக்காலைப் பிடித்தவன் திருமுக்கூடல்காரன், பெயர் சுகுமார். ஏசுதாஸ் வயதிருக்கும். விசில் ஊதியதும் அவன் பிடியை விடவில்லை, மாற்றினான். முட்டியை நீட்டி அழுத்தி, பாதத்தை ஏசுதாஸின் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளினான்.

"கொரக்களியா? கல்லாட்டம் கீதே. நேத்து தண்ணி குட்சியா இல்லியா?"

"எடைக்கோசரம்…"

"அதான பாத்தேன். கோணிப்பையாப்பா நீ, உலர்த்தி நிறுக்கறதுக்கு? முந்தின நாள்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். மோருல உப்பு போட்டுக்கோ. சதைய நீவிட்டு அப்பால எறங்கு." உள்ளங்கையால் சதையை நீவிக்கொண்டே சொன்னான்: "எங்க ஊர்ல எட பாக்காத மேட்ச்சும் நடக்குது. ஞாயித்துக்கெழமைல வா."

வலி விட்டுவிட்டது. ஏசுதாஸ் அதைச் சொல்லவில்லை. தன் உடம்பின் மேல் இன்னொருவர் கை இருந்து எத்தனை காலம் என்று கணக்குப் பார்க்காமலிருக்க முயன்றான். சுகுமாரே உணர்ந்து கையை எடுத்தான்.

திரும்பும்போது ஆட்டோவில் சிரிப்பு. "அண்ணன் கால்ல கெண்ட மீனு துள்ளுச்சி, பாத்தியா?" தோற்ற வருத்தம் அவர்களுக்குச் சீக்கிரம் தீர்ந்தது. "அடுத்த வாரம் ஏனாத்தூரு. எடைய மட்டும் பாத்துக்கணா" என்றான் வினோத்குமார். கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கெட்ட பையன்கள் அல்ல. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையும் பாலித்தீன் பையோடு ஓடினான். மதகருகே கால் மறுபடி இழுத்துக்கொண்டது. சுற்றிலும் யாருமில்லை. மதகுச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி நின்றான். ஏரித் தண்ணீர் மதகுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சதை தளர்ந்தது. இதைத் தனியாகவே செய்துகொள்ள முடிகிறது என்பதில் அவனுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

பையைக் கழற்றினான். வீட்டுக்குப் போய் மோரில் உப்பைக் கரைத்து நிதானமாகக் குடித்தான். இரவு சாப்பாட்டோடு தண்ணீரும் குடித்தான்.

காலையில் ஆரன் கேட்டது. வாசலுக்கு வந்தான்.

"ஏறுணா, டைம் ஆவுது."

"நான் எடைக்குள்ள வரமாட்டேன்பா. தண்ணி குட்சிட்டேன்."

"இன்னாணா பேஜார் பண்றே! மேட்ச் கீதுன்னு தெரிஞ்சிமா?"

"தெரிஞ்சிதான்."

வினோத்குமார் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு ஆட்டோவுக்குள் திரும்பி வேறொருவன் பெயரைச் சொன்னான். வண்டி தெருமுனை திரும்பியது. ஏசுதாஸ் அந்த முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தான். திருமுக்கூடல் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுகுமாருக்குத் தன் முகம் ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. கெண்டைக்காலை வேண்டுமானால் அடையாளம் கண்டுகொள்வான். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான்.