அடிக்கு ஒரு நூல்

உட்காருவதற்கு முன்னால் வியாகுலம் நாற்காலியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நின்றால்தான் உட்காருவார். நிற்காவிட்டால் சட்டைப் பையிலிருந்து ஒரு சிராய்த் துண்டை எடுத்து நாற்காலிக் காலுக்கடியில் செருகுவார். யார் வீட்டு நாற்காலி என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று சோபாவை ஒரு பக்கம் தூக்கிச் சிராய் செருகினார். மாப்பிள்ளையின் பெரியப்பா அப்போது அந்த சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார்.

ரசமட்டம் ஒரு சாண் நீளம். பாதி பைக்குள், பாதி வெளியே. இடது காதில் தட்டைப் பென்சில். வயது அறுபத்திரண்டு. மணலூர்பேட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஊர்களில் அவர் வைத்த கதவுகள் இருக்கின்றன. திறந்து எந்த இடத்தில் விடுகிறோமோ அந்த இடத்திலேயே நிற்கும். தானாகச் சாத்திக்கொள்ளாது, தானாகத் திறக்கவும் செய்யாது. "வுட்டா வுட்ட எடத்துல நிக்கணும் டீச்சர். அதும் இஷ்டத்துக்குப் போவுதுன்னா அது கதவில்ல, கயிறு அவுத்த மாடு" என்பார். கோயில் பெஞ்சு, டீக்கடை மேசை, பள்ளிக்கூடத்தில் என் மேசை, எல்லாவற்றுக்கும் அவர் கையால் ஒரு சோதனை நடந்திருக்கிறது. என் மேசை தேறவில்லை.

நான் அதே தெருவில் கடைசி வீடு. என் குளியலறைக் கதவு போன பொங்கலுக்குக் கழற்றப்பட்டது. "பத்து நாள்ல புதுசு மாட்டிடறேன்" என்று எடுத்துப் போனார். இப்போது ஐப்பசி முடிகிறது. குளியலறையில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. விருந்தினர் யாரையும் நான் அழைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படகு.

இரண்டு வருடத்துக்கு முன் புதுச்சேரிப் பக்கம் ஒரு கடலோர வீட்டுக்கு ஜன்னல் வேலைக்குப் போயிருந்தார். அங்கே வேலியோரமாக இருபதடி நீளப் பாய்மரப் படகு ஒன்று, உள்ளே சின்ன அறையோடு, சருகு மூடிக் கிடந்தது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். உள்ளே முழுக்கத் தேக்கு. வியாகுலம் உடனே மனைவி பவுலினுக்கு போன் போட்டார். "பவுலினு, ஒனக்கு பீரோ வந்துக்கினு இருக்குது!"

முப்பது வருடமாகப் பவுலின் ஒரு பீரோ கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் பீரோ செய்தவர் வீட்டில் புடவைகள் தகரப் பெட்டியிலும் கொடியிலும் இருக்கின்றன. பக்கத்து நிலத்துக்காரர் செல்லமுத்துவின் டிராக்டரில் படகு வந்து இறங்கியபோது, பவுலின் பீரோ வைக்க வேண்டிய மூலையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை வியாகுலம் கடப்பாரையோடு படகுக்குள் இறங்கினார். சாயங்காலம்தான் வெளியே வந்தார். ஒரு பலகைகூடப் பெயரவில்லை.

"தலகாணிக்குக் கீழ ஒரு அலமாரி பவுலினு. அதுக்குள்ள கைய வுட்டா இன்னோரு அலமாரி. எவனோ ஒருத்தன் முட்டி போட்டுக்கினே செஞ்சிருக்கான். அத எப்டி ஒடைக்கறது?"

பவுலின் சத்தம் போடவில்லை. "பீரோ வந்தாத்தான் நான் அதுல கால் வெப்பேன்" என்று மட்டும் சொன்னார். கொல்லையில் முக்காலியைப் போட்டு, படகுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மல்லாட்டைக் கடலை உரிக்க ஆரம்பித்தார். பவுலின் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பூசை முடியும்வரை கோயிலில் அவர் முந்தானைகூட அசையாது. ஈ மொய்த்தாலும் ஈதான் சலித்துப்போய்ப் பறக்கும்.

அன்றிலிருந்து படகு கொல்லையில்தான். லாரி டயர்களை அடுக்கி மேலே நிறுத்தி, கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. படகுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. வியாகுலம் இரண்டு வருடமாகக் குனிந்தே வேலை செய்து, இப்போது தெருவிலும் கொஞ்சம் குனிந்தே நடக்கிறார். பழைய வார்னிஷை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, ஏழு கை வார்னிஷ் அடித்தார். மூலைமட்டம் அங்கே எதற்கும் உதவவில்லை. படகுக்குள் எல்லாம் வளைவு. ஒரு நாள் தலையில் மரத்தூளோடு வெளியே எட்டிப் பார்த்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"இதுக்கு மூலையே கெடையாது டீச்சர். மூல இல்லாத வூட்ல மனுசன் கோவம் வந்தா எங்க போய் ஒக்காருவான்?"

படுக்கைகளுக்கு மெத்தை தைக்க உளுந்தூர்பேட்டையில் லாரி சீட்டு தைக்கும் ஆகாஷ் வந்தான். அவனுக்குத் தெரிந்தது லாரி. சிவப்பு ரெக்சினில் மஞ்சள் மயில் வைத்து, நாலு பக்கமும் குஞ்சம் தொங்கவிட்டான். வியாகுலத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படகின் வாசலுக்குத் தேக்கில் நிலை செதுக்கி, திராட்சைக் கொடி போட்டார். அடுப்பு மேடை, மடக்கு மேசை, மசாலா டப்பாவுக்குத் தனித்தனிக் குழி. மொத்தம் பதினோரு அலமாரி. பவுலினின் வீட்டுக்குள் ஒன்றுகூட இல்லை.

படுக்கையின் தலைமாட்டில் வெள்ளைப் பீங்கான் ஒன்று இருந்தது. அது என்னவென்று தெரிந்ததும் அரை நாள் சாப்பிடாமல் இருந்தார். "தலமாட்டுல கக்கூஸு! இன்னா மனுசங்கடா!" என்று அதைக் கழற்றிக் கழுவி, பழைய துண்டில் சுற்றி, என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கதவு கொஞ்சம் லேட்டாவும் டீச்சர். அது வரிக்கும் இத வெச்சுக்கோங்க." நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் குளியலறைக் கதவின் பலகை அந்தப் பீங்கான் இருந்த இடத்தை மூடப் போய்விட்டது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கடலில் போகும் எண்ணமெல்லாம் அவருக்கு எப்போதுமே இல்லை. கரியாலூருக்கு ஒரு விடுதிக் கதவு வேலைக்குப் போனபோது, கல்வராயன் மலையின் ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஜன்னலுக்கு வெளியே வாந்திக்குத் தலையை நீட்டியவர் அவர். மேலே படகுத்துறையில் பெடல் படகைப் பார்த்ததற்கே மறுபடி ஒரு முறை ஓரமாக ஒதுங்கினாராம். பாய்மரத் துணியைப் பவுலின் எடுத்துக்கொண்டார். மாடியில் விரித்து மல்லாட்டை காய வைக்கிறார். அதைப் பற்றி வியாகுலம் கேட்கவே இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் உள்ளறை. அது தண்ணீரில் மிதக்க வேண்டும், மேசைமேல் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அடைமழைக்கு ஊர் ஏரி நிரம்பியது. சனிக்கிழமை காலை செல்லமுத்து டிராக்டரைக் கொண்டுவந்தார். படகைக் கரையோரம் இறக்கி, கயிற்றால் வேப்பமரத்தில் கட்டினார்கள். காற்றே இல்லை. வியாகுலம் திராட்சைக் கொடி நிலைக்குள் குனிந்து போய், மேசைமேல் ரசமட்டத்தை வைத்தார். நாங்கள் கரையில் நின்றுகொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லமுத்து எட்டிப் பார்த்தார். குமிழி கண்ணாடிக் குழாயின் பின்கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடிக்கு ஒரு நூல்" என்றார் வியாகுலம். ஓரடி நீளத்துக்கு ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சாய்வு. நம் கண்ணுக்கு அது தெரியாது. அவருக்கு அது கூரை இடிந்த மாதிரி.

வீட்டுக்கு ஓடிப் போய், டயர்கள் இருந்த இடத்தைப் பார்த்தோம். கதை விளங்கிவிட்டது. பவுலின் தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடியோடி, படகின் பின்பக்கத்து மண் இளகி, டயர்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. வால் தாழ்ந்து நின்ற படகுக்குள் ஒவ்வொரு பலகையையும் அவர் குமிழி பார்த்துப் பார்த்து மட்டமாக வைத்திருக்கிறார். தண்ணீரில் படகு நேராக நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் சாய்ந்துவிட்டது. ஊரையே மட்டம் பார்த்தவர் படகை ஒரு தரம்கூட மட்டம் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"ஒரு பக்கம் தூக்கி ஆப்பு வெச்சுடேன்பா" என்றார் செல்லமுத்து.

"எதத் தூக்கறது? பதினோரு அலமாரியும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கினு நிக்குது. ஒண்ணப் புடுங்குனா எல்லாம் வரும்." டயர் இறங்கியிருந்த பள்ளத்தை விரலால் அளந்தார். "நாளிக்கு இழுத்தாந்துடலாம். திங்கக்கெழம பிரிச்சுடறேன். பவுலினுக்கு பீரோ பண்ணிடறேன்."

பவுலின் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருடத்துப் பீரோ. உள்ளே போய்விட்டார்.

ராத்திரி நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். "பையில அந்த ரசமட்டம் இல்ல டீச்சர். படகுலயே வுட்டுட்டு வந்துட்டாரு. நாற்காலிய இழுத்துப் போட்டு அப்டியே ஒக்காந்து துன்னாரு. அந்த நாற்காலி ஆடிக்கினே இருக்குது, அவுரு கவனிக்கவே இல்ல. எனக்கு ஒரு வாய் எறங்கல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படகை இழுக்கப் போனோம். பவுலினும் கூட வந்தார். "பீரோவுக்கு அளவு சொல்லணும்ல" என்றார், யாரும் கேட்காமலே.

வியாகுலம் உள்ளே சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கயிறு கட்டச் செல்லமுத்து படகின் வால்பக்கத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தார். உள்ளிருந்து ஒரு கத்தல்.

"அசையாத! ஏய் செல்லமுத்து, அசையாத!"

செல்லமுத்துவின் கனத்தில் வால் இறங்க, மேசைமேல் கிடந்த ரசமட்டத்தின் குமிழி நடுப்பக்கமாக நகர்ந்து வந்திருக்கிறது. நடுவைத் தாண்டியும் போய்விட்டது. "ஜாஸ்தி! முன்னாடி வா!" செல்லமுத்து முன்னால் நகர்ந்தார். "கம்மி! பின்னால!" பின்னால் நகர்ந்தார். வெற்றிலை துப்பத் திரும்பினார், குமிழி ஓடியது. போன் அடித்தது, இடுப்பைத் தடவினார், மறுபடி ஓடியது. "ஒரு எடத்துல ஒக்கார மாட்டியா நீ?" என்று உள்ளே இருந்து அழாத குறையாகக் கேட்டார் வியாகுலம். செல்லமுத்து இறங்கினார், அடுத்து நான் ஏற்றப்பட்டேன். பலகையின் கடைசிக் கோடிவரை போய், தண்ணீருக்கு மேல் பாதி தொங்கியபடி இருந்தேன். "டீச்சர் அர நூல் கம்மி" என்று தீர்ப்பு வந்தது. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள் நான்.

இறங்கிக் கரைக்கு வந்தேன். பவுலின் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குமிழி நடுவில் நின்றால் திங்கட்கிழமை பிரிப்பது இல்லை, பீரோவும் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். செருப்பைக் கரையில் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"தள்ளுங்கண்ணா" என்று செல்லமுத்துவிடம் சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். உள்ளே பார்த்துக் கேட்டார். "எங்க ஒக்காரணும்?"

வியாகுலம் வால்பக்கத்துப் பலகையைக் கையால் காட்டினார்.

"பீரோ பேச்சு பீரோ பேச்சுதான். இதுல ஏறிட்டேன்னு அது போச்சுன்னு நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பவுலின் பலகையில் உட்கார்ந்தார். நாலு விரல்கடை பின்னால் போனார். இரண்டு விரல்கடை முன்னால் வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருவது மாதிரி அப்படியே இருந்துவிட்டார். ஏரியில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே குமிழி நடுவில் வந்து நின்றிருக்கிறது. பிறகு வியாகுலம் திராட்சைக் கொடி நிலை வழியாகக் குனிந்து வெளியே வந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து எச்சில் தொட்டுக்கொண்டார். பவுலினுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, புடவைக் கரையை மெல்ல ஒதுக்கி, கீல் பதிக்கும் இடத்துக்குக் கோடு போடுவது மாதிரி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.