கதவின் உட்பக்கம்

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கன்டெய்னர் யார்டில் அவளை எல்லாரும் 'ரெண்டு கோட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கோட்டு பெயிண்ட் அடித்ததுமே பளபளவென்றுதானே இருக்கிறது, போதும் என்று எவர் சொன்னாலும் விடமாட்டாள். இரண்டாவது ஏறாமல் பிரஷைக் கழுவமாட்டாள். கேலியாக ஆரம்பித்த பெயர். நாளடைவில் அதுவே பெயராக நின்றுவிட்டது. யார்டு மேஸ்திரிக்கு அவளுடைய உண்மையான பெயர் மறந்தே போயிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் உப்புத்தாள் தேய்த்தவள். அங்கே வெல்டராக இருந்தவரையே கட்டிக்கொண்டு, இருவருமாக யார்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் வாய் திறப்பது அபூர்வம். அவருக்கும் சேர்த்து வெல்டிங் பொறி பேசிவிடுகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பயம் என்பது அவளுக்குத் தெரியாது. பாம்பு குடியிருந்த கன்டெய்னரைக்கூடத் தனியாகக் கழுவியிருக்கிறாள்.

அவளுடைய ஒரே தங்கை தையல்காரி. வாடகைக் கடையைக் காலி செய்யச் சொன்னதும், தங்கை புருஷன் அதே யார்டில் ஒரு பழைய கன்டெய்னரை ஏலத்தில் எடுத்தான். அதையே கடையாக்கிக்கொள்ளலாம் என்றான். ஜன்னலை எங்கே வெட்டுவது என்று தங்கைக்கு முடிவாகவில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று அக்காள் உட்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கினாள்.

முறைப்படிதான் செய்தாள். கடல் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவினாள். துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்தாள். மூலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சைப் பிரஷால் பூசிவிட்டு, அப்புறம் ரோலரை எடுத்தாள். பனி படாமல் இருக்க, பிரைமர் காய்ந்ததும் சாயங்காலம் கதவுகளைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை திறந்தபோது, வலப்பக்கக் கதவின் உட்புறத்தில், அவள் தோள் உயரத்தில் பிரைமர் பிடிக்கவில்லை. உள்ளங்கையும் ஐந்து விரலுமாக வெறும் இரும்பு தெரிந்தது. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியாததா? துடைக்கும்போது அசட்டையாக விட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தேய்த்தாள், துடைத்தாள், மறுபடி பூசினாள்.

அடுத்த காலை அந்த இடம் கண்ணாடிபோல இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், இரண்டு கைகள் பதிந்திருந்தன.

யாரோ விளையாடுகிறார்கள் என்று யார்டு முழுக்கச் சத்தம் போட்டாள். எல்லாரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அன்று மாலை புருஷன் தன் பூட்டைக் கொண்டுவந்து போட்டார்; சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே, முழங்கால் உயரத்தில், விரல்கள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. அழுத்தமில்லை. எழும்ப முடியாத ஒருவர் பிடிமானம் தேடியதுபோல் இருந்தது.

ரோலரைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இரும்பு சூடேறினால் டக்டக்கென்று சத்தம் போடும்; வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம். அன்று ஒன்றும் கேட்கவில்லை. கன்டெய்னர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மேஸ்திரியிடம் போய், இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். எத்தனையோ கடல் சுற்றிய பெட்டி, எந்தக் கரையில் எப்படிக் கிடந்ததென்று யார் கண்டது என்றார் அவர். பிறகு, அந்தப் பேச்சு வேண்டாம் என்பதுபோல் டீ குடிக்கப் போய்விட்டார்.

வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாததால் அன்றும் பூசினாள். கதவைச் சாத்த மட்டும் மனம் வரவில்லை. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஈர பிரைமரில் மழை பட்டால் எல்லாம் பாழ். சாத்தினாள்.

மறுநாள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து திறந்தாள். தரையை ஒட்டி, கதவு ஓரத்து ரப்பர் பட்டைக்குப் பக்கத்தில், நான்கு விரல்நுனிகள் மட்டும் தெரிந்தன. காற்று நுழைய எங்கேயாவது இடம் இருக்கிறதென்றால் அங்கேதான் இருக்கும்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தினம் தினம் இறங்கிட்டே வருதுங்க," என்றாள். "நாளைக்கு ஒண்ணும் இருக்காது."

"அப்ப நல்லதுதானே? பெயிண்ட் நிக்கும்."

"நல்லதா? ஏன் இருக்காதுன்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. போய் கேஸ் கட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கீல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசிக் கீல் அறுந்ததும் வலப்பக்கக் கதவு வெளிப்பக்கமாகச் சாய்ந்து, யார்டே அதிர விழுந்தது. புழுதி அடங்கியபோது அவள் வாசலை விட்டு விலகி, சுவரோரமாக ஒட்டி நின்றிருந்தாள்.

"ஏன் அங்க போய் நிக்கற?"

"வழி விடறேன்."

ஓர் இலைகூட ஆடாத மத்தியானம் அது. ஆனாலும் கன்டெய்னர் தரையில் கிடந்த தின்னர் துணி மெல்லப் புரண்டு, வாசல் விளிம்பைத் தாண்டி மண்ணில் விழுந்தது. பெயிண்ட் வாசனையோடு வேர்வை வாசனையும் வந்ததாக அவர் பிற்பாடு ஒருமுறை சொன்னார். அவள் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. இன்னொரு கதவையும் வெட்டச் சொன்னாள். அன்று முழுக்க அந்தப் பெட்டியை வாய் திறந்தபடியே விட்டுவைத்தாள்.

அதற்குப் பிறகு எந்தத் தடமும் வரவில்லை. கதவுகள் பழைய இரும்புக்குப் போயின, ஷட்டர் வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக ஜன்னல் வெட்டச் சொன்னாள்; துணி அடுக்க இடம் போதாது என்று தங்கை முணுமுணுத்தும் கேட்கவில்லை. உள்ளே வெள்ளை, வெளியே பச்சை, இரண்டிலும் இரண்டு கோட்டு. எத்தனையோ மழைக்காலம் போயும் ஓர் இடம்கூட உப்பவில்லை. கதவு என்னவாயிற்று என்று தங்கை கேட்டதற்கு, துரு தின்றுவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் மட்டும் புதிதாக ஒட்டிக்கொண்டது. எந்தக் கன்டெய்னரையும் சாத்துமுன் தலையை உள்ளே நீட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் காத்திருப்பாள். ஒருநாள் கிரேன் ஓட்டுபவர் விளையாட்டாக உள்ளே ஒளிந்துகொண்டு, "இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். வெளியே நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே ஏறிப் போய், இருட்டில் அவர் மணிக்கட்டைப் பற்றி வெயிலுக்கு அழைத்துவந்தாள். அந்த மனிதர் வெட்கத்தில் நெளிந்தபடி, "விளையாட்டுக்குத்தான் அக்கா... விடுங்க" என்றார். அவள் விடவில்லை. அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.