டீச்சரின் முழங்கையில் இரண்டு முத்துகள்

நீச்சல் டீச்சருக்கு வெண்கலத் தொண்டை. நீச்சல்குளத்தின் இந்தக் கரையில் நின்று "காலை உதை!" என்று அதட்டினால், அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் காலும் ஒருமுறை உதறும். பன்னிரண்டு வருடத்தில் நானூறு பிள்ளைகளையாவது மிதக்க வைத்திருப்பாள். துண்டை மறந்துவிட்டு வந்து வெடவெடக்கும் பிள்ளைக்குத் தன் தோளில் கிடப்பதை எடுத்துத் துவட்டிவிடுவாள். அந்தத் தாராள மனசுதான் அவளை மாட்டிவிட்டது.

அவளிடம் நீச்சல் பழகிய ஏழு வயதுச் சிறுமியை எல்லோரும் 'தவளை' என்றே கூப்பிடுவார்கள். தவளையின் அக்குளில் முத்து முத்தாக, நடுவில் குழி விழுந்த பருக்கள் கிளம்பின. இன்னொரு பிள்ளையின் தாய் அதைப் பார்த்துவிட்டுப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல அந்தப் பொண்ணை நிறுத்துங்க டீச்சர். என் பிள்ளைக்கும் ஒட்டிக்கிச்சுன்னா?"

தவளையின் முகம் சுண்டிப்போனது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள்.

"வைரஸ்தாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர். "தானாப் போயிடும். ஆனா மாசக்கணக்காகும், ஒரு வருஷத்தைத் தாண்டினாலும் தாண்டும். சொறியாம, கிள்ளாம பார்த்துக்கோங்க. தண்ணி புகாத பிளாஸ்டர் போட்டு மூடிட்டு நீந்தலாம். துண்டை மட்டும் யாரோடயும் பங்கு போடக் கூடாது." பேசிக்கொண்டே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார். "உங்க முழங்கையைக் கொஞ்சம் காட்டுங்க டீச்சர்."

அங்கே இரண்டு முத்துகள்.

"கொசுக்கடின்னுல்ல நெனச்சேன்!" டீச்சருக்குக் குரல் கீச்சென்றுதான் வந்தது.

"டீச்சருக்கும் வந்துருச்சு!" என்று தவளை கைதட்டினாள். முந்தின நாளிலிருந்து சுண்டிக் கிடந்தவள் அப்போதுதான் சிரித்தாள்.

சனிக்கிழமை பெற்றோர்களைக் கூட்டி, டீச்சர் முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் குழந்தை மேல ஒரு தப்பும் இல்ல. ஒரே துண்டால எல்லாரையும் துவட்டிவிட்டது நான். நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க."

சண்டைக்கு வந்த தாயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கொக்கி. பிடித்து மிதக்கும் பலகைகளைக் கழுவிக் காயவைப்பது வாட்ச்மேனின் பொறுப்பு. ஐந்தாம் மாதம் தவளையின் பருக்கள் சிவந்து வீங்கவே, அவள் அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடினாள். "நல்லதுதான். உடம்பு முழிச்சுக்கிட்டுச் சண்டை போடுது," என்றார் டாக்டர். சில வாரங்களில் எல்லாம் அமுங்கி மறைந்தன.

டீச்சருடையவை மட்டும் நகர்வதாயில்லை. வாராவாரம் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்து, பிளாஸ்டரைப் பிரிக்கச் சொல்லி, முழங்கையை எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னும் இருக்கு டீச்சர். கிள்ளக் கூடாது, தெரியுமில்ல?" என்று மிரட்டிவிட்டுத்தான் தவளை தண்ணீரில் குதிப்பாள்.